லூப்பில் வேலை, எந்தத் தெருவில் வீடு?

சிகாகோ நகரத்தின் மையப்பகுதிக்கு லூப் என்று பெயர். தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடும் ‘எல்’ ரயிலின் தண்டவாளம் 1897 முதல் இப்பகுதியை வளையமாகச் சுற்றிவருகிறது. லசால் தெருவின் வங்கிகளும் வாக்கர் டிரைவின் கண்ணாடிக் கோபுரங்களும் இந்த வளையத்துக்குள்ளும் அதை ஒட்டியும் நிற்கின்றன. கணினி, கணக்கு, சட்டம், நிர்வாக ஆலோசனை என்று பல துறைகளில் வேலை கிடைத்து இங்கே வருபவர்களில் தமிழர்களும் உண்டு. வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த இடத்தில் பயமில்லாமல் குடியிருக்கலாம் என்பது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் பதில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: வடக்கே பாருங்கள், தெற்கும் மேற்கும் வேண்டாம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, தெரிந்துகொள்ளக்கூடிய பலவற்றைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதாகும். உலகிலேயே சமூகவியலாளர்கள் மிக நெருக்கமாக ஆராய்ந்த நகரங்களில் சிகாகோவும் ஒன்று. குற்றம் எங்கே, எப்போது, யாருக்கு நேர்கிறது என்பதைப் பற்றி நூறாண்டு ஆய்வு இங்கே குவிந்திருக்கிறது.

நகரத்தின் அமைப்பு எளிது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து நான்கு திசையிலும் கதவு எண்கள் ஏறிக்கொண்டே போகும். பொதுவாக ஒரு மைலுக்கு 800 எண்கள். 3200 வடக்கு என்ற முகவரியைப் பார்த்தவுடனே அது மையத்திலிருந்து நான்கு மைல் என்று கணக்கிட்டுவிடலாம். 1920களில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்தார்கள். பின்னர் நேர்ந்த சிறு மாற்றங்களைச் சேர்த்து இன்று மொத்தம் 77. ஏரியை ஒட்டி வடக்கே போனால் நியர் நார்த் சைட், லிங்கன் பார்க், லேக்வியூ, அப்டவுன், எட்ஜ்வாட்டர், ரோஜர்ஸ் பார்க் என்று வரிசையாக வரும். தெற்கே சவுத் லூப்பைத் தாண்டினால் பிரான்ஸ்வில், பிறகு பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க். மேற்கே வெஸ்ட் லூப், அதைத் தாண்டி கார்ஃபீல்ட் பார்க், ஆஸ்டின். தென்மேற்கே பில்சன், பிரிட்ஜ்போர்ட்.

நகரத்தில் கொலைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுகிறது. 1974இல் 970 பேர் கொல்லப்பட்டார்கள். 2021இல் அது சுமார் 800. 2024இல் 573ஆகக் குறைந்தது. ஏறினாலும் இறங்கினாலும் இந்தச் சாவுகளின் பெரும்பகுதி தெற்கிலும் மேற்கிலும் உள்ள சில வட்டாரங்களில்தான் நிகழ்கிறது. இது தானாக நேர்ந்ததல்ல. தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதிவைக்கும் வழக்கம் நகரெங்கும் இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்பளித்தது. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடங்களில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணம் பெற்றன. கடன் கொடுக்கத் தகாத இடம் என்பது அந்த வண்ணத்தின் பொருள். கடன் இல்லாத இடத்தில் வீடுகள் சிதைந்தன, கடைகள் மூடின, வேலைகள் வெளியேறின. இன்றைய குற்ற வரைபடத்தைப் பார்ப்பவர் அந்தப் பழைய வரைபடத்தின் நிழலையும் சேர்த்தே பார்க்கிறார். அங்கே வாழ்பவர்கள் அந்த ஆபத்தை உண்டாக்கியவர்கள் அல்லர். அதை அன்றாடம் சுமப்பவர்கள் அவர்களே.

வட்டாரங்களுக்கு இடையே வேறுபாடு உண்மை என்றாலும், வட்டாரத்தின் பெயர் ஒரு சராசரியை மட்டுமே சொல்கிறது. ஹார்வி சோர்பா 1929இல் எழுதிய புத்தகம் நியர் நார்த் சைட் என்ற ஒரே வட்டாரத்தைப் பற்றியது. ஏரிக்கரையில் நகரத்தின் பெரும் பணக்காரர்கள், சில தெருக்கள் தள்ளி ஒற்றை அறைகளில் நெருங்கிக் கிடந்த ஏழைகள் என்று இரண்டு உலகங்கள் அங்கே அருகருகே இருந்தன. பின்னாளில் கப்ரினி கிரீன் என்ற அரசுக் குடியிருப்பு எழுந்ததும் இதே வட்டாரத்தில்தான். அதன் கடைசி அடுக்குமாடி 2011இல் இடிக்கப்பட்டது. வட்டாரத்தின் சராசரி எண் இந்த இரண்டு பக்கத்தில் எதையும் சரியாகக் காட்டியிருக்காது.

1980களின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டியது. மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் 3.3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தவை என்று லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். சியாட்டில் நகரின் 14 ஆண்டுப் பதிவுகளை டேவிட் வைஸ்பர்ட் ஆராய்ந்தபோது, ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரையிலான தெருத் துண்டுகளில் நான்கு, ஐந்து சதவீதமே மொத்தக் குற்றத்தில் பாதியைத் தாங்கியிருந்தன. மோசமான பகுதி என்று பெயரெடுத்த இடங்களிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருந்தன. நல்ல பகுதி என்று பெயர்பெற்ற இடங்களில் ஒரு மதுக்கடை முனையோ ரயில் நிலைய வாசலோ தொடர்ந்து தொல்லை தந்தது. ஆகவே வாடகைக்கு வீடு தேடுபவர் தெருவை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வட்டாரத்தின் பெயர் தேடலைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

எந்தக் குற்றம் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வன்முறை ஊரார் எல்லோர் மீதும் சமமாகப் பொழிவதில்லை. சிகாகோவின் பதிவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ பாப்பக்ரிஸ்டோஸ், உயிர் தப்பிய துப்பாக்கிக் காயங்களில் சுமார் 70 சதவீதம், ஒன்றாகக் கைதானவர்களை இணைக்கும் வலைப்பின்னல்களுக்குள் நேர்ந்தவை என்று 2015இல் காட்டினார். அந்த வலைப்பின்னல்களில் இருந்தவர்கள் நகர மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவு. வெளியூரிலிருந்து அலுவலக வேலைக்கு வரும் ஒருவர் எதிர்கொள்ளக்கூடியவை வேறு: கைபேசிப் பறிப்பு, வழிப்பறி, கார்க் கண்ணாடி உடைப்பு, சைக்கிள் திருட்டு, வாசலில் வைத்த பார்சல் காணாமற்போவது. இவை ஏழைப் பகுதிகளில் மட்டும் நடப்பவை அல்ல. பறிக்கத்தக்க பொருளும் பறிப்பவரும் ஒரே இடத்தில் சேர்ந்து, காவலாக யாரும் இல்லாதபோது குற்றம் நிகழ்கிறது என்று லாரன்ஸ் கோஹனும் மார்க்கஸ் ஃபெல்சனும் 1979இல் விளக்கினார்கள். கூட்டமும் பணமும் இரவு விடுதிகளும் நிறைந்த ரிவர் நார்த் போன்ற இடங்களுக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்தும்.

இங்கே ஒரு கணக்குப் பிழையையும் கவனிக்க வேண்டும். குற்ற வீதம் என்பது வழக்குகளின் எண்ணிக்கையை அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. 2020 கணக்கெடுப்பின்படி லூப்பில் வசிப்பவர்கள் 42,298 பேர். பகலில் அங்கே வேலைக்கும் கடைகளுக்கும் வந்து போகிறவர்கள் பல லட்சம். அவர்கள் பறிகொடுத்த பர்ஸும் கைபேசியும் அந்த 42,298 பேரின் கணக்கில் ஏறுகின்றன. அதனால் தாளில் லூப் மிகவும் ஆபத்தான இடமாகத் தெரியும். விமான நிலையம், விளையாட்டு அரங்கம், பெரிய கடைவீதி உள்ள எந்த வட்டாரத்திலும் இதே பிழை நேரும். நகர மையத்தை ஒட்டி வீடு தேடுபவர்கள் வீதத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் வகுக்கும் எண் என்ன என்று கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு வழியும் உண்டு. 2001 முதல் பதிவான குற்றங்களை, கடைசி ஏழு நாட்கள் நீங்கலாக, சிகாகோ நகராட்சி தன் தரவுத் தளத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கதவு எண் முழுதாக இருக்காது, எந்தத் தெருத் துண்டு என்பது தெரியும். தேதி, மணி, குற்ற வகை ஆகியவற்றோடு, அது நடந்த இடம் நடைபாதையா, கொல்லைச் சந்தா, ரயில் மேடையா, வீட்டுக்குள்ளா என்ற குறிப்பும் இருக்கிறது. குடும்பத்துக்குள் நடந்த வன்முறைக்குத் தனி அடையாளம் உண்டு. புதிதாகக் குடிவருபவர் இந்த வகைகளைப் பிரிக்காமல் மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார். பார்க்கப்போகும் வீட்டைச் சுற்றி நான்கைந்து தெருக்களை எடுத்துக்கொண்டு, வழிப்பறி, வீடு புகுந்து திருட்டு, தெருவில் நடந்த தாக்குதல் ஆகியவற்றை மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பார்ப்பது பலன் தரும். கோடையில் எண்கள் ஏறும், குளிரில் இறங்கும். ஆகவே ஜனவரி மாதத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. இந்தப் பதிவிலும் ஓட்டை உண்டு. அமெரிக்காவில் சொத்துக் குற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் காவல்துறைக்குச் சொல்லப்படுகிறது. வன்முறைக் குற்றங்களிலும் பாதிக்குக் கீழேதான். காவல்துறையை நம்பி எல்லாவற்றையும் புகார் செய்யும் தெரு, புகாரே செய்யாத தெருவை விட மோசமாகத் தோன்றக்கூடும்.

தரவைப் பார்க்காதவர்கள் வாய்வழிப் பெயரை நம்புகிறார்கள். அந்தப் பெயர் எப்படி உருவாகிறது என்பதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சிகாகோ, சியாட்டில், பால்டிமோர் நகரங்களின் தரவை வைத்து லிங்கன் குயிலியனும் டேவா பேஜரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியில் இளம் கறுப்பின ஆண்களின் விகிதம் கூடக்கூட, உண்மையான குற்ற அளவைக் கணக்கில் கழித்த பிறகும், அங்கே குற்றம் அதிகம் என்று மக்கள் நினைப்பது தெரிந்தது. சிகாகோவின் தெருக்களை நேரில் பதிவுசெய்து ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ரவுடன்புஷும் 2004இல் எழுதியதும் இதையே சொன்னது. உடைந்த கண்ணாடியும் சுவர்க் கிறுக்கலும் எவ்வளவு இருக்கின்றன என்பதைவிட, அங்கே வாழ்பவர்களின் நிறமும் வறுமையும்தான் பார்ப்பவரின் மனத்தில் ஒழுங்கின்மை என்ற எண்ணத்தை அதிகம் ஏற்படுத்தின. வாய்வழி எச்சரிக்கைகளில் இந்தப் பார்வை கலந்தே வருகிறது. நிறத்தை ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது அநீதி. அது தேடுபவரையே தவறான தெருவில் கொண்டுபோய் விடவும் கூடும்.

வீட்டுத் தரகர்கள் இந்தக் கேள்விக்கு வாய் திறக்காததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம், இனத்தின் அடிப்படையில் ஒருவரை ஒரு பகுதிக்கு இழுப்பதையும் மற்றொன்றிலிருந்து விலக்குவதையும் தடைசெய்கிறது. இந்த இடம் பாதுகாப்பானதா என்று கேட்டால், காவல்துறைத் தரவைப் பாருங்கள் என்று மட்டும் தரகர் சொல்வார். அது அலட்சியம் ஆகாது, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பதில். வீட்டு விளம்பரத் தளமான ரியல்டர்.காம் தன் வரைபடத்திலிருந்து குற்ற அடுக்கை 2021 டிசம்பரில் நீக்கியது. அதே மாதம் ரெட்ஃபின் நிறுவனம் அப்படியொரு அடுக்கைச் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. பச்சை, சிவப்பு என்று முழு வட்டாரங்களுக்கும் வண்ணமடித்துத் தரும் செயலிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. மேலே சொன்ன சராசரிப் பிழையும் வகுத்தல் பிழையும் அவற்றில் சேர்ந்தே இருக்கும்.

தெருவை நேரில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது? நடைபாதையில் ஆள் நடமாட்டமும், தெருவை நோக்கிய சன்னல்களும், இரவிலும் திறந்திருக்கும் கடைகளும் காவலைவிடப் பயன்தரும் என்று நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வாதிட்டார். சிகாகோவில் இது சோதிக்கப்பட்டது. நகரத்தை 343 பகுதிகளாகப் பிரித்து 8,782 பேரிடம் நேர்காணல் நடத்திய ஆய்வு 1997இல் வெளியானது. பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் கண்டிப்பார்களா, பக்கத்து வீட்டார் ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. வறுமையைக் கணக்கில் கழித்த பிறகும், நம்பிக்கையும் தலையிடும் துணிவும் மிகுந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது.

இதற்கு வேறொரு துறையிலிருந்து வலுவான சான்று கிடைக்கிறது. 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் மேற்கிலுள்ள இரண்டு அடுத்தடுத்த வட்டாரங்களை ஒப்பிட்டார். வடக்கு லான்டேலும் தெற்கு லான்டேலும் ஏழை வட்டாரங்கள், தனித்து வாழும் முதியவர்கள் இரண்டிலும் இருந்தார்கள். ஆனால் வடக்கில் இறப்பு வீதம் தெற்கைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. தெற்கு லான்டேலின் இருபத்தாறாம் தெருவில் கடைகளும் மக்களும் நிறைந்திருந்தார்கள். முதியவர்கள் துணிந்து வெளியே வந்தார்கள், குளிர்ந்த கடைகளில் உட்கார்ந்தார்கள். வடக்கில் காலி மனைகளும் மூடிய கடைகளும் அவர்களை வீட்டுக்குள் அடைத்துவைத்தன. குற்றத்திலிருந்து காக்கும் தெருவே நோயிலும் வெயிலிலும் மனிதரைக் காப்பாற்றுகிறது.

ஆகவே பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது பத்து மணிக்கு ஒருமுறை தெருவில் நடந்து பார்ப்பது அவசியம். நீண்ட வெற்றுச் சுவர், வண்டி நிறுத்தும் வெறும் திடல், ரயில் பாலத்துக்கு அடியில் இருண்ட வழி ஆகியவை கவலைக்குரியவை. விளக்கு வெளிச்சம் சிறு விஷயமல்ல. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் 2016இல் நடந்த சோதனையில், கூடுதல் விளக்குகள் இரவில் வெளியிடங்களில் நிகழும் கடுமையான குற்றங்களை 36 சதவீதம் குறைத்தன. காவல்துறையும் மக்களும் ஒவ்வொரு சிறு சரகத்திலும் சந்தித்துப் பேசும் ஏற்பாடு சிகாகோவில் 1993 முதல் இருக்கிறது. அப்படி ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், அந்தத் தெருக்காரர்களை எது உண்மையில் வாட்டுகிறது என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான வழியும் வீட்டைப் போலவே முக்கியம். ‘எல்’ பாதைகளில் சிவப்பும் நீலமும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகின்றன. பழுப்புப் பாதை உள்ளிட்ட மற்றவை நள்ளிரவுக்குப் பின் நின்றுவிடும். இந்திய நேரத்துக்கு ஒத்து வேலை செய்பவர்களுக்கும் இரவில் தாமதமாக முடிப்பவர்களுக்கும் இது தீர்மானமான விஷயம். நள்ளிரவில் காலியான பெட்டி, நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசிப் பத்து நிமிட நடை, இவ்விரண்டிலும்தான் கவனம் வேண்டும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் வழக்கமான வீடு திரும்பும் நேரமே இருட்டு நேரம். நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கடைகள் உள்ள பெருந்தெரு வழியாகவே போக முடிகிறதா என்பதைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். சவுத் லூப், வெஸ்ட் லூப், நியர் நார்த் ஆகியவற்றில் இருப்பவர்கள் நடந்தே வேலைக்குப் போகலாம். அங்கே வாடகை அதிகம். லேக்வியூ, எட்ஜ்வாட்டர் பகுதிகளில் சிவப்புப் பாதையை ஒட்டிய வீடுகள் ஒரு நடுவழி. தெற்கே இருப்பதாலேயே பலர் ஒதுக்கும் ஹைட் பார்க்கிலிருந்து மெட்ரா என்ற புறநகர் ரயில் சேவையின் மின்ரயில் நேராக நகர மையத்துக்கு வருகிறது. பல்கலைக்கழகம் தனக்கென ஒரு காவல் படையும் அங்கே வைத்திருக்கிறது.

நேப்பர்வில், அரோரா போன்ற புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழ்கின்றன. அங்கிருந்து மெட்ரா ரயிலில் யூனியன் நிலையத்துக்கு வரலாம். குற்றம் குறைவு என்பது அந்த ஊர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கணக்கில் சாலை விபத்தையும் சேர்க்க வேண்டும். அமெரிக்க மாவட்டங்கள் முழுவதையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான மருத்துவ ஆய்வு, கொலையையும் விபத்தையும் சேர்த்துப் பார்த்தால் காயத்தால் சாகும் ஆபத்து பெருநகரங்களைவிட நாட்டுப்புறத்தில்தான் அதிகம் என்று கண்டது. முக்கியக் காரணம் வாகன விபத்து. புறநகர் நாட்டுப்புறம் ஆகாது. ஆனால் தினமும் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டுவதும் ஓர் ஆபத்துதான், அதை யாரும் குற்ற வரைபடத்தில் குறிப்பதில்லை.

கட்டடத்துக்கு வந்தால், சிகாகோவில் மலிவாகக் கிடைக்கும் ‘கார்டன் யூனிட்’ என்பது பாதி நிலத்துக்குள் புதைந்த தளம். சன்னல் தரைமட்டத்தில் இருக்கும், கம்பி இல்லாவிட்டால் திருடனுக்கு எளிது. பெரும்பாலான பழைய வீடுகளின் பின்கதவு கொல்லைச் சந்தில் திறக்கும், முன்கதவைவிட அதன் பூட்டைப் பார்ப்பது நல்லது. பின்பக்க மர மாடிகளையும் சோதிக்க வேண்டும். லிங்கன் பார்க்கில் 2003 ஜூனில் அப்படி ஒன்று கூட்டத்தின் பாரம் தாங்காமல் சரிந்து 13 பேர் இறந்தார்கள். நகரின் மிக நல்ல வட்டாரம் என்று கருதப்படும் இடம் அது. உறங்கும் அறையிலிருந்து 15 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது இல்லினாய் மாநிலச் சட்டம். செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, வீட்டுக்காரர் வெப்பம் தரும் கட்டடங்களில், பகலில் 68 பாரன்ஹீட்டும் இரவில் 66ம் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நகர விதி. அது சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஏற்கெனவே குடியிருப்பவர் ஒருவரைக் கேட்பதே நம்பகமான வழி.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வீட்டை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் குறிவைத்து, தம்முடையதல்லாத வீட்டின் படத்தைக் காட்டி முன்பணம் பறிக்கும் மோசடி எங்கும் உண்டு. முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக அறை எடுத்துக்கொண்டு, அந்த நாட்களில் தெருக்களை நடந்து பார்ப்பது அந்தச் செலவுக்குத் தகும். 1986இல் நகராட்சி இயற்றிய வாடகைதாரர் சட்டம் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். வீட்டுக்காரரே குடியிருக்கும், ஆறு அல்லது அதற்குக் குறைந்த வீடுகள் கொண்ட கட்டடங்களுக்கு அது பொருந்தாது. அந்தச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் தாமாகப் பூட்டை மாற்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. காலிசெய்த 45 நாட்களுக்குள் முன்பணத்தைத் திருப்பித்தர வேண்டும். முன்பணத்துக்குக் கடும் விதிகள் இருப்பதால், பல வீட்டுக்காரர்கள் திரும்பக் கிடைக்காத ஒரு நுழைவுக் கட்டணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டில் எது என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிபோன பிறகு தெரு ஒத்துவரவில்லை என்றால், ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்பவர் தகுதியான ஒருவரை உள்வாடகைக்குக் கொண்டுவந்தால், வீட்டுக்காரர் கூடுதல் கட்டணம் கேட்காமல் அவரை ஏற்க வேண்டும் என்றும் இதே சட்டம் சொல்கிறது. வாடகை தவறினால் பழைய ஒப்பந்தக்காரரின் பொறுப்பு மட்டும் நீடிக்கும் என்பதால், வருபவரின் வருமானச் சான்றை வாங்கிச் சரிபார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.